முத்தரசு கேட்ட காரணம்

"மாத்திரையால மட்டும் வந்திருக்காது டாக்டரம்மா," என்றான் முத்தரசு.

டயாலிசிஸ் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் விசாலி நிமிர்ந்தார்.

முத்தரசுக்கு வயது முப்பத்தொன்று. ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், ஊற்றுகிறவன். ஆறு மாதமாக முதுகுவலி. குனிந்து செய்கிற வேலை, வலிக்கத்தானே செய்யும் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினான். பிறகு கால் வீங்கியது, சோறு இறங்கவில்லை. மதுரைக்குப் போனால் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். எல்லாரும் மாத்திரையைத்தான் திட்டினார்கள். மாமனார் பூமிநாதன் தன் கிட்னி ஒன்றைத் தருவதாகச் சொல்லி, சோதனைக்கும் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, குடுக்குற நானே சும்மா இருக்கேன். நீங்க டாக்டருக்குப் பாடம் எடுக்குறீக," என்றார்.

"வேணாம்னு சொல்லல மாமா. தண்ணித் தொட்டியில ஊறப்போட்ட கல்லு வெடிச்சா, உடனே அடுத்த கல்ல ஊத்திருவோமா? கலவையில என்ன கோளாறுன்னு பாப்போம்ல. உங்க கிட்னியும் எனக்குள்ள வந்து வீணாப்போனா, அத்தைக்கு யாரு பதில் சொல்றது?"

விசாலி சிரிக்கவில்லை. "முதுகு மட்டும்தான் வலிக்குதா?" என்று கேட்டார்.

"விலாவும்தான். இருமுனா உசுரு போகுது."

அன்றே ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையும் எடுத்தார்கள். வந்த முடிவு மைலோமா, ஒருவகை ரத்தப் புற்றுநோய். அது பெருக்குகிற புரதம் போய் அடைத்துத்தான் கிட்னி நின்றிருந்தது.

"வயசானவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். அதனால உங்க வயசுல யாருக்கும் சந்தேகம் வரல," என்றார் விசாலி. "இப்ப கிட்னி மாத்தினா அதையும் இது கெடுத்துடும்."

பூமிநாதன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மகள் கீர்த்திக்கு அப்போது எட்டாம் மாதம். முத்தரசு மனைவியின் முகத்தைப் பார்த்தான், பிறகு டாக்டரைப் பார்த்தான்.

"வைத்தியத்த நாளைக்கே ஆரம்பிக்கலாமா?"

வாரா வாரம் ஊசி. விடியற்காலை பஸ்ஸை ஒருநாளும் விடவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே போனான், பிள்ளை பிறந்த மறுநாளும் போனான். நோய் முழுசாகத் தீரவில்லை, அடங்கியிருக்கிறது. ஊசி தொடரும். வாரத்துக்கு மூன்றாக இருந்த டயாலிசிஸ் ஒன்றாகி, போன வாரத்திலிருந்து அதையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். கிட்னி தாங்குகிறதா என்று பார்க்க, தினமும் ஒன்றுக்குப் போவதை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை கீர்த்தி குழந்தைக்கு மூன்றாவது ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். அளவுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த முத்தரசு, வாசற்படியில் நின்றபடியே மகளிடம் சொன்னான்:

"நேத்துலருந்து ஒண்ணேகால் லிட்டரு. இன்னைக்கு உன்னையத் தோக்கடிச்சுட்டேன்டி தாயி."