மந்திரிக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் மைக்செட். இன்றைக்கு அவர் சட்டமன்ற உறுப்பினர், போக்குவரத்துக் குழுவில் அங்கத்தினர். காரில் கொடி, வீட்டு வாசலில் எந்நேரமும் செருப்புக் குவியல். ஆனாலும் அவர் தலை மறைந்ததும் மைக்செட் என்றுதான் சொல்வார்கள். தங்கச்சிக்கு இதில் வருத்தமே கிடையாது. பஸ் நிலைய மாடிப்படிக்கு அடியில் இரண்டு தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள் அவள். அந்தப் பெயரைத் தன் காதுபடச் சொல்கிறவர்களுக்கு அறுந்த பட்டனைச் சும்மாவே தைத்துக் கொடுப்பாள்.

பெயர் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தில் தேறவில்லை, சைக்கிள் கடையில் தேறவில்லை, மாமனார் வைத்துக் கொடுத்த மரக்கடையையும் ஊத்தி மூடினார். கடைசியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார். எங்கே கூட்டம் நடந்தாலும் முதல் ஆளாய் மேடையேறி “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்வது அவர்தான். ஒரு தடவை பேச வேண்டிய தலைவர் வந்து சேரவில்லை, ஜனங்கள் கலையப் பார்த்தார்கள். இவர் ஹலோவிலிருந்து அப்படியே பேச்சுக்குத் தாவிவிட்டார். என்ன பேசினார் என்று அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. சத்தம் மட்டும் நன்றாக இருந்தது. தலைவர் வந்து பார்த்தபோது கைதட்டல் ஓயவில்லை. கட்சிக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

சட்டமன்றத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு மைக் உண்டு. ஊரிலுள்ள மைக்கையெல்லாம் விடாமல் பிடித்துத் தொங்கியவர், தனக்கென்று கொடுத்ததை மட்டும் தொடவே இல்லை. குழுக் கூட்டம் என்றால் கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், பக்கத்து உறுப்பினர் தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறாரோ அந்தப் பக்கமே ஆட்டுவார். உறுப்பினர்களின் பயணப்படியைக் கூட்டும் மசோதா ஒன்றைத்தான் வரி விடாமல் படித்தார். ஒலிபெருக்கிக்குக் கடிவாளம் போடும் மசோதா வந்தபோது மேசையைத் தட்டி வரவேற்றார். அவருடைய பழைய கடையை நடத்திக்கொண்டிருந்த மைத்துனன் அதோடு கடையைச் சாத்தினான். “சட்டம்னா எல்லாருக்கும் பொதுதானே மாப்ள” என்று அவனிடமே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். தங்கச்சி அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்து வந்தது பஸ் நிலையங்களில் உள்ள கடைகளைக் காலிசெய்யும் மசோதா. அண்ணனின் குழுவுக்குத்தான் முதலில் வந்தது. அண்ணன் வழக்கம்போலத் தலையாட்டினார். விஷயம் டிக்கெட் கவுண்டர்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. புருஷன் செத்த பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது அந்த மாடிப்படி இடுக்குதான். அது போனால் வேறு நாதி கிடையாது. மிஷினை மூடி போட்டு மூடிவிட்டு, செருப்புக் குவியலைத் தாண்டி நேரே அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

“ஏன் அண்ணே, உன் குழுவுக்கு வந்த மசோதாதானே? அதுல என் கடையும் போகுதுன்னு உனக்குத் தெரியாதா?”

“அது ஆக்கிரமிப்பு பண்றவங்களைச் சொல்லுதும்மா. உன்னை யாரு சொன்னா?”

“நீ படிச்சியா?”

“அதிகாரிங்க படிச்சுச் சொன்னாங்க.”

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “கூடப் பொறந்தவ கடையையே காப்பாத்தலைன்னா ஊரு காறித் துப்பும்.”

ஊர் என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி சரி. லைசென்ஸ் உள்ள சின்னக் கடைங்களுக்கு விலக்குன்னு ஒரு திருத்தம் குடுக்கிறேன். மந்திரிகிட்ட நான் பேசிக்கிறேன். சபையில எந்திரிச்சு நின்னு ரெண்டு வரி படிக்கணும், அவ்வளவுதான்.”

பொய் சொல்லக் கூடாது, அண்ணன் மந்திரியிடம் பேசத்தான் செய்தார். கொண்டுவாங்க, ஏத்துக்கறேன் என்று மந்திரியும் சொல்லிவிட்டார். அவளுக்குப் பார்வையாளர் மாடத்துக்கு பாஸ் வந்தது. கூடவே ஒரு வெள்ளைச் சட்டைத் துணியும் வந்தது. மந்திரிசபையை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சாம், தனக்கும் அழைப்பு வந்தால் புதுச் சட்டை தயாராக இருக்க வேண்டுமாம். தேர்தலில் நின்ற நாள் முதல் அவர் சட்டையெல்லாம் அவள் தையல்தான். அந்தத் தொந்தியை வெளியே தெரியாமல் மறைக்கும் வித்தை வேறு தையல்காரருக்குக் கைவரவில்லை.

மசோதா வந்த அன்று அவள் மாடத்தின் முதல் வரிசையில் இடம் பிடித்தாள். கீழே கடைசி வரிசையில் அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. தேடிப் பார்த்தால், மனிதர் மந்திரிக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு விடுப்பு. டிவி கேமரா மந்திரியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இருக்கிற முகமும் வீடு வீடாகத் தெரியும். அதனால் அந்த நாற்காலி காலியானால் ஈ மொய்ப்பதுபோல மொய்ப்பார்களாம். அண்ணன் காலையிலேயே போய் ஒட்டிக்கொண்டு, தலையை வாரி, எதிலோ ஆழ்ந்திருப்பதுபோல மோவாயில் கைவைத்திருந்தார்.

சபாநாயகர் திருத்தத்தின் எண்ணைச் சொல்லி உறுப்பினரை அழைத்தார். அண்ணன் எழுந்தார். மந்திரி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். தங்கச்சி மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“உறுப்பினர் தமது இருக்கைக்குச் சென்று பேசவும்” என்றார் சபாநாயகர்.

சபை வழக்கம் அது. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் பேசுவதானால் சொந்த நாற்காலியில் நின்றுதான் பேச வேண்டும். அண்ணன் கடைசி வரிசையைப் பார்த்தார். அதற்குள் ஓர் ஒல்லி உறுப்பினர் நடைபாதையில் வந்து நின்றுகொண்டு, இவர் எப்போது நகர்வார் என்று நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பார்த்தவளுக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகூட நடந்துபோய்விடக்கூடிய தூரம்தான். போ அண்ணே, போ என்று அவள் உதடு அசைந்தது.

அண்ணன் ஒல்லி உறுப்பினரைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு, வேண்டாம் என்று சபாநாயகருக்குக் கையை ஆட்டிவிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“திருத்தம் வலியுறுத்தப்படவில்லை” என்றார் சபாநாயகர். திருத்தம் இல்லாமலே மசோதா நிறைவேறியது. மேசையை எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது அண்ணன்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. எதிரி கெடுத்திருந்தால் சாபமாவது விடலாம். மூஞ்சியைக் காட்டுகிற ஆசையில் கூடப்பிறந்தவளின் சோற்றில் மண்ணைப் போட்ட ஜென்மத்தை என்னவென்று திட்டுவது?

மறுநாள் அண்ணன் நாலு ஆட்கள் புடைசூழக் கடைக்கே வந்துவிட்டார். பெஞ்சில் துணி கொடுக்க வந்த பெண்கள் காத்திருந்தார்கள். சுவரில் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ், ஒட்டிய பசைகூடக் காயாமல் இருந்தது. அது கண்ணில் பட்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

“டிவியில பாத்தியாம்மா? சாயங்காலம் வரைக்கும் நான்தான்.”

“மேலேருந்தே பாத்தேன்.”

“அந்தத் திருத்தத்தை அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே. என் சட்டை ஆயிடுச்சா? எப்ப வேணா கூப்பிடுவாங்க.”

அவள் அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள். கொடுத்த மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது.

“என்னம்மா இது, கத்திரியே படலையே?”

“நீ வலியுறுத்தலை அண்ணே. நான் தைக்கலை.”

அண்ணன் சட்டென்று திரும்பி, பெஞ்சில் இருந்தவர்களில் யார் யார் கேட்டார்கள் என்று பார்த்தார். எல்லோரும் கேட்டிருந்தார்கள்.