வலப்பக்கத்து ஜன்னல்

நெடுஞ்சாலையில் போகிற கார்கள் அந்த வீட்டருகே வேகம் குறைக்கும். சிவப்பு ஓடு வேய்ந்த சரிவுக் கூரை, மரத்தூண்கள், நடுவே குமிழ் வைத்த கதவு, அதற்கு இருபுறமும் பச்சை வண்ணம் பூசிய மர ஜன்னல்கள். கிராமத்துப் பாணியில் வீடு கட்ட நினைப்பவர்களுக்குக் காட்டுவதற்காக, ஓடும் மரமும் விற்கிற முதலாளி தன் கடை வளாகத்தில் எழுப்பிய மாடல் வீடு அது.

அதற்குள் ஒரு குடும்பம் வாழ்கிறது என்பது மட்டும் வெளியே தெரியக்கூடாது.

காலை ஒன்பது மணிக்குள் அந்தக் குடும்பத்துப் பெண் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிட வேண்டும். பாத்திரம் உருளும் சத்தம் கேட்கக்கூடாது. நீளக் கழியால் கூரைச் சருகுகளைத் தள்ளி, தூண்களைத் துடைத்து, தலையை வாரி, சிரித்த முகத்தோடு வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் அவளை ‘ஓட்டுக்காரம்மா’ என்பார்கள். "இது நாட்டு ஓடுங்க, இது சீமை ஓடு. தட்டிப் பாருங்க, மணி மாதிரி சத்தம் வரும்." ஐந்து வருடமாக இதே பாட்டு.

அதே ஐந்து வருடமாக அவள் கணவர் வலப்பக்கத்து அறையில் படுத்திருந்தார். மேஸ்திரி. யாரோ ஒருவர் வீட்டு முகட்டில் கடைசி ஓட்டைப் பதிக்கும்போது சறுக்கி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "வாடகை வேண்டாம், இங்கேயே இருந்துக்குங்க. நீ வர்றவங்களுக்கு வீட்டைக் காட்டு," என்றார் முதலாளி. அன்று காலில் விழாத குறையாக நன்றி சொன்னாள். அந்தக் கருணைக்குள் நுழைய மட்டுமே வழி உண்டு, வெளியேற இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த அறை முதலில் சாம்பிள் ஓடுகள் அடுக்குவதற்காகக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் அழகான ஜன்னல். உள்ளே வெறும் செங்கல் சுவர். முகப்பு இருபுறமும் ஒன்றுபோல் தெரியவேண்டும் என்பதற்காகப் பதித்த பொய் ஜன்னல். அதைச் செய்தவரே மேஸ்திரிதான். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது," என்று அப்போது பீற்றிக்கொண்டார். இப்போது அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சாகும்முன் ஒரு தடவை ரோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"சத்தத்தை வெச்சே எந்த வண்டின்னு சொல்லுவேன், பாக்கிறியா?"

"ஆமா, பெரிய டிராபிக் போலீஸு," என்பாள் அவள், முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சுவரை உடைத்து ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி முதலாளியிடம் இரண்டு முறை கெஞ்சினாள். "நல்லா இருக்கிற சுவரை எதுக்கும்மா இடிக்கணும்?" என்று சிரித்தபடியே போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீடு பார்க்க வந்தார். எதையும் தொட்டுப் பார்க்கிற கை. வலப்பக்கத்து ஜன்னலைப் பிடித்து இழுத்தார்.

"இது ஏன் திறக்க மாட்டேங்குது?"

"மழையில மரம் ஊறிப்போச்சுங்க மேடம்," என்றார் முதலாளி.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம், கூடவே மேஸ்திரியின் குரல். "ஊறல மேடம். பின்னாடி சுவரு இருக்கு. நான்தான் கட்டினேன்."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முதலாளியைப் பார்த்தார். "ஜன்னலே பொய்யின்னா கூரையை எப்படி நம்புறது?" என்று கிளம்பிவிட்டார்.

படுக்கையும் சட்டிபானையும் இன்று தெருவுக்கு வந்துவிடும் என்று அவள் நடுங்கினாள். முதலாளி திட்டவே இல்லை. மறுநாளே ஆள் அனுப்பிச் சுவரை உடைத்தார்.

பிற்பகலில் ஜன்னல் திறந்தது. மேஸ்திரி தலையணையில் நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளில் ஒருவன் போனான். ஒரு தண்ணீர் லாரி. ஓர் ஆடு. அவர் கன்னத்தில் வழிந்ததை அவளும் துடைக்கவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் முதலாளி வந்தார்.

"இனிமே எல்லாரும் ஜன்னல் வழியா எட்டிப் பாப்பாங்கம்மா. உள்ள நோயாளி படுத்திருந்தா யாருக்கு வீடு கட்ட மனசு வரும், நீயே சொல்லு? மேஸ்திரியைப் பின்கட்டுக்கு மாத்திடு. இங்க ரெண்டு பிரம்பு நாற்காலி போட்டுக்கலாம்." பிறகு மிருதுவாகச் சேர்த்துக்கொண்டார். "ஜன்னல் கேட்டே, குடுத்துட்டேன்ல?"

அவள் எங்கே போவாள்? படுத்த படுக்கையான மனிதருக்கு யார் வீடு தருவார்கள்? கட்டிலைத் தள்ளினாள்.

பின்கட்டு என்பது சமையல் செய்கிற இடம். ஜன்னலே கிடையாது. தாழ்ந்த கூரையில் மிச்சம் மீதி ஓடுகள். ‘பின்னாடி யாரு பாக்கப் போறா’ என்பது முதலாளியின் வழக்கமான பேச்சு.

இரண்டு நாள் மேஸ்திரி சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூரையைப் பார்த்தபடியே வாய் திறந்தார்.

"ஒரு ஓட்டை எடுத்துட்டுக் கண்ணாடி ஓடு போட்டா வானம் தெரியும். மூலை உடைஞ்சது ஒண்ணு சாம்பிள் அலமாரியில கிடக்கு."

"யாரு ஏறுறது?"

"நீதான்."

"நான் ஏணிப் பக்கம் வந்தாலே திட்டுவீங்களே?"

"இப்ப திட்ட மாட்டேன். பயப்படுவேன்."

ஏறினாள். கீழேயிருந்து அவர் குச்சியால் தட்டி எந்த ஓடு என்று காட்டினார். "மேல் வரிசை ஓட்டை லேசாத் தூக்கு. அடியில இருக்கிறதை உன் பக்கம் இழு. ஏணியை விட்டுக் கூரை மேல கால் வைக்காதே."

கண்ணாடி ஓடு பொருந்தியது. ஒரு முழ வெளிச்சம் அவர் மார்பில் வந்து விழுந்தது.

ஒரு வாரம் கழித்துப் பின்பக்கம் முதலாளியின் செருப்புச் சத்தம். அவருக்குப் பிடித்துப்போனால் இந்த வெளிச்சமும் வருகிறவர்களுக்கான காட்சியாகிவிடும் என்று அவளுக்கு இப்போது தெரியும். சட்டென்று கட்டிலோரம் ஒரு வாளியை வைத்து, தரையெல்லாம் தண்ணீரைத் தெளித்தாள்.

"என்னம்மா இது?"

"மேஸ்திரி போட்ட ஓடு சரியில்லீங்க. நேத்து மழைக்கு ஒரே ஒழுகல்."

முதலாளி செருப்பு நனையாமல் பின்வாங்கினார். "சரி, பின்பக்கம்தானே. யாரையும் இங்க கூட்டிட்டு வராதே."

அவர் போனதும் மேஸ்திரி முறைத்தார். "முப்பது வருஷத்துல நான் போட்ட கூரை ஒரு சொட்டு ஒழுகினதில்ல. மானத்தை வாங்கிட்டியே."

"நீங்க பொய்யா ஜன்னல் வெச்சீங்க, நான் பொய்யா ஒழுகல் வெச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்."

அவர் சிரித்தார். முன்பக்கம் ஏதோ வண்டி நின்றது.

"பெரிய கார். டீசல்," என்றார், கண்ணாடி ஓட்டிலிருந்து பார்வையை எடுக்காமல்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். காலியான பிரம்பு நாற்காலிகளைத் தாண்டிப்போய் வலப்பக்கத்து ஜன்னலை விரியத் திறந்தாள்.

"வாங்க, வாங்க. ஜன்னல் நல்லாத் திறக்குங்க. படுத்துக்கிட்டே ரோட்டைப் பாக்கலாம்."