ஸ்டெல்லா அக்கா வீட்டு ஹாலும் பச்சைக் கோடும்

கட்டட வேலை விநோதமான தொழில்: செங்கல்லைச் சந்தேகப்பட்டு ஆளுக்கு ஆள் தட்டிப் பார்ப்பார்கள், தரை மட்டமாக இருக்கிறது என்று கொத்தனார் சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என்னைப் போல சிவில் படித்துவிட்டு, சைட்டில் பத்து ஆண்களுக்கு நடுவே குரல் எழும்பாமல் நிற்கிற சகோதரிகளே, நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள்.

நான் தூத்துக்குடியில் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்க்கிறேன். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் மாப்பிள்ளையூரணியில் ஸ்டெல்லா அக்காவுக்கு வீடு கட்டினோம். அவர் கணவர் மில்டன் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பலிலேயே உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். அக்கா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் படி கூடாது, மேடு பள்ளம் கூடாது, அவர் யாரையும் கூப்பிடாமல் தானே உருட்டிக்கொண்டு போய்வர வேண்டும். அதற்காகத்தான் லேசர் லெவல் வாங்கலாம் என்று இரண்டு வாரம் மென்று முழுங்கி அண்ணாச்சியிடம் சொன்னேன். நடுவில் வைத்தால் நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு போடும் கருவி அது.

மூன்றாவது பெட்டி

அண்ணாச்சி சம்மதித்து என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் அவரோடு மட்டுமே பேசினார். "பதினாறு கோடு வருது, பாருங்க" என்று ஒரு பெட்டியைத் திறந்தார். எனக்குக் கோடு நிறைய வேண்டாம். பச்சை ஒளி வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர் வெளிச்சத்தில் சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது. தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே ஆடும் பகுதியைப் பூட்டிவைக்கிற சாவி வேண்டும். ஸ்டாண்டு ஆடக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். வாய் வராததால் தாளை அப்படியே நீட்டினேன்.

பிறகு கருவியை ஸ்டூலில் வைத்து, எதிர்ச்சுவரில் கோடு விழுந்த இடத்தில் பென்சிலால் குறித்தேன். கருவியை அரைவட்டம் திருப்பி, அதே சுவரில் மறுபடி கோடு போடவைத்தேன். குறி மேலேயே விழ வேண்டும். முதல் கருவி நான்கு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. இரண்டாவது மூன்று. புதுப் பெட்டி, சீல் உடைக்காதது! சோதிக்காமல் வாங்கிப் போனவர்கள் வீடெல்லாம் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது பெட்டி சரியாக இருந்தது. கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்லா திருப்பித் திருப்பிப் பாக்கிய!"

முதல் சத்தம்

சைட்டில் சூசை கொத்தனார் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தே இருபது வருஷம் வீடு கட்டியவர். "இந்தத் தம்மாத்துண்டு டப்பாக்குள்ள இருந்தா கோடு வருது?" என்றவர், குனிந்து, ஒளி வருகிற துளைக்கு நேரே கண்ணைக் கொண்டுபோனார்.

"ஐயோ, பாக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்த இரண்டு அக்காக்கள் சல்லடையைக் கீழே போட்டுவிட்டார்கள். சூசை கொத்தனாருக்கு லேசரைவிட என் குரல்தான் பெரிய அதிர்ச்சி. எல்லோரிடமும் போய்ச் சொன்னார்: "இன்ஜினியரம்மாவுக்கு வாய் உண்டுன்னு இன்னைக்குல்லா தெரியுது!"

குருசடியில் பச்சை

ஒரு சனிக்கிழமை கருவியைப் பத்திரமாக வைக்கச் சொல்லி சூசை கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் தெரு வழியாகப் போக நேர்ந்தது. தெருமுனைக் குருசடியில், சிலுவை நிற்கிற சின்னக் கோயிலில், திருவிழா. சிலுவைக்கு மேலும் கீழும் குறுக்கும் பச்சைக் கோடுகள் பளபளவென்று ஓடின. ஒரு நொடி அழகாகத்தான் இருந்தது. அடுத்த நொடி அது எந்தப் பச்சை என்று உறைத்தது.

பூக்கூடைக்குப் பக்கத்தில், பூட்டுச் சாவி திறந்தபடி, ஸ்பீக்கர் பெட்டி மேலே உட்கார்ந்திருந்தது என் கருவி. பாட்டுக்குப் பாட்டு பெட்டி அதிர்ந்தது. கருவிக்குள் தொங்குகிற பகுதியும் கூடவே அதிர்ந்திருக்கும். நான் ஓடிப்போய்ச் சாவியைப் பூட்டுவதைப் பார்த்து சூசை கொத்தனார் சமாதானம் சொன்னார்: "சீரியல் செட்டு பாதி எரியலம்மா. இது வீட்ல சும்மாதான கெடந்துச்சு."

கன்னி மூலை, சனி மூலை

மறுவாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாளில் ஹாலுக்கு டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள். திரும்பி வந்ததும் கருவியை நடுவில் வைத்து, பச்சைக் கோட்டிலிருந்து தரை வரைக்கும் டேப்பால் அளந்தேன். தென்மேற்கில், கன்னி மூலையில், சரியாக முப்பத்தொன்பது இஞ்சு. எதிரே வடகிழக்கில், சனி மூலையில், நாற்பத்தொன்றரை.

இருபது அடி ஹாலில் இரண்டரை இஞ்சு சரிவு! குருசடி ஸ்பீக்கர்தான் கருவியைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அண்ணாச்சியிடம் கெஞ்சி வாங்கிய கருவி. இனி எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பது? கடையில் செய்த அதே சோதனையைச் செய்தேன். கோடு குறியின் மேல் மயிரிழை பிசகாமல் விழுந்தது. கருவி பொய் சொல்லவில்லை என்று தெரிந்தபோதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. சூசை கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டேப்பைப் பார்க்கவே இல்லை. கரண்டியைக் கழுவியபடியே சொன்னார்: "அது தப்பில்லம்மா, அளந்து வச்சதுதான்."

அரை இஞ்சு கூடுதல்

அண்ணாச்சி கட்டுகிற எல்லா வீட்டிலும் கன்னி மூலை ஏறியும் சனி மூலை இறங்கியும்தான் இருக்குமாம். வீட்டுக்காரர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. வாஸ்துப்படி அப்படி இருந்தால்தான் குடும்பம் நன்றாயிருக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒன்றரை வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன், எனக்கு இது தெரியாது. சரிவுக்காக சூசை கொத்தனார் சுவரில் தனியாக ஒரு குறி வைப்பாராம், பூச்சு வந்ததும் அது மறைந்துவிடுமாம்.

தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். "அவர் நாற்காலி ஒரு பக்கமா இழுக்குமே அண்ணாச்சி" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "மத்த வீட்டுக்கெல்லாம் ரெண்டு இஞ்சுதாம்மா வைப்பேன். அந்தப் பையன் எந்திரிச்சு நடக்கணும்னுதான் இவுகளுக்கு மட்டும் அரை இஞ்சு கூட்டி வச்சேன்."

எதிர்ச்சுவர் வரை

இதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? அக்காவிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தரை பார்க்க அக்காவும் மில்டன் அண்ணனும் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். அண்ணாச்சி சிரித்த முகத்தோடு வரவேற்றார். அண்ணன் கன்னி மூலையில் நாற்காலியை நிறுத்திவிட்டு, அக்கா கொடுத்த டீயை இரண்டு கையாலும் வாங்கினார்.

நாற்காலி நகர்ந்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அக்கா "ஏங்க!" என்றார். அண்ணன் டீ சிந்தாமல் பிடித்துக்கொண்டே, யாரும் தள்ளாமல், மெதுவாக ஹாலின் குறுக்கே போய் எதிர்மூலைச் சுவரில் கால் பலகை இடித்து நின்றார். அண்ணாச்சியின் முகத்தில் ரத்தம் இல்லை. நான் லேசரைப் போட்டேன். பச்சைக் கோட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மில்டன் அண்ணன் கேட்டார்: "சரக்கு ஒரு பக்கமா ஏத்துனா கப்பல்தான் இப்படிச் சாயும். நம்ம வீட்ல அந்தப் பக்கம் என்னத்த ஏத்தி வச்சிருக்கிய அண்ணாச்சி?"

ஒரு நூல்

அண்ணாச்சி சூசை கொத்தனாரின் சுத்தியலை வாங்கி, சனி மூலையில் முதல் டைல்ஸை அவரே உடைத்தார். அடுத்த வாரம் முழுக்க லேசரை வைத்து, கன்னி மூலையிலிருந்து மறுபடி ஒட்டினோம். நான்கு மூலையிலும் டேப் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று வரிசைக்கு வரிசை பார்த்தேன்.

கடைசி வரிசைக்கு முன்னால், வேலையைப் பார்க்க வந்திருந்த மில்டன் அண்ணன் பக்கத்தில் அண்ணாச்சி போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவர் குரல். "ஒரே ஒரு நூல் இறக்கிக்கிடட்டுமாப்பா?" நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு நூலுக்கு நாற்காலி அசையாது என்று தலையாட்டினேன். அவர் அண்ணாச்சியின் தோளைத் தட்டினார்: "வச்சிக்கிடுங்க அண்ணாச்சி, ஒங்களுக்கும் ராத்திரி ஒறக்கம் வரணும்லா."

ஆக, தரை கோணல் என்று நன்றாகத் தெரிந்தும் "மட்டம் சரி" என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிற ஒரே வீடு, நான் மிகச் சரியாக மட்டம் பார்த்த வீடுதான்.