பிரிக்காத பாக்கெட்

வீடு மாற்றுவதற்காக மேசை டிராயரைக் கவிழ்த்தபோது ஒரு சின்ன பிளாஸ்டிக் பாக்கெட் விழுந்தது. உள்ளே விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு துண்டு. ரிமோட் ரேஸ் காரின் முன்சக்கரத்தைத் தாங்குகிற கை அது. பாக்கெட்டை இன்னும் பிரிக்கவே இல்லை. தனியாக நின்று சிரித்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிது. தொம்மலூர் அறைக்கு வாடகை கொடுத்துவிட்டால் மிச்சத்தில் வயிற்றைப் பார்ப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்டவனுக்கு ரேஸ் ஆசை வந்தது பாருங்கள்! ஆபீஸில் ஏசி ரிப்பேர் பார்த்த மர்பி டவுன் கௌதம் என்னைவிட மோசம். இருவரும் சேர்ந்து சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் மேல்கூடு இல்லாத ஒரு வண்டியை வாங்கினோம். பேக்கரிக்காரர் கொடுத்த கேக் மூடியை வெட்டி அதன்மேல் கவிழ்த்தோம். க்ரீம் வாசனை பல நாள் போகவில்லை. எங்கள் முதல் ரசிகர்கள் எறும்புகள்தான்.

ஞாயிறு காலையில் ஒரு காலி மனையில் பந்தயம் நடக்கும். ஓட்டி முடித்தவர் அடுத்த பந்தயத்தில் வளைவில் நின்று, கவிழ்கிற வண்டிகளை நிமிர்த்திவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வசதியானவர்களுக்கு வெயிலில் நிற்கப் பிடிக்காது.

"நாங்க நிக்கிறோம் சார், உங்க பழைய டயர குடுத்துடுங்க" என்றான் கௌதம்.

இப்படித்தான் எங்களுக்கு டயர் வந்தது. மாதக்கணக்கில் மூன்றாம் வளைவில் குனிந்து நிமிர்ந்து என் இடுப்பு விட்டுப்போனது. ஆனால் ஒன்று அத்துப்படியானது. வெளியோரம் மணல், வேகமாக வருகிறவன் அதில் சறுக்கிச் சுவரில் மோதுவான். மோதினால் முதலில் உடைவது இந்தக் கைதான்.

எப்படியோ இறுதிப் போட்டிக்குத் தேறிவிட்டோம். ஜெயித்தால் ஒரு வருஷத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. தோற்றால் வண்டியை விற்றுவிடுவது என்று பேசி வைத்திருந்தோம், அதற்குமேல் கட்ட வழியில்லை. இருந்த ஒரே மாற்றுக் கை, இந்தப் பாக்கெட்டோடு, என் சட்டைப் பையில்.

எல்லோரும் பறந்தார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. கௌதம் காதருகே கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினான்: "பேடா மச்சா, வேணாம்! அவனுங்க போகட்டும். நீ உள்ளோரமா வா."

உள்ளோரமாகவே போனேன். மூன்றாம் வளைவில் ஒரு வண்டி சுவரில் மோதியது. பிறகு இன்னொன்று. கடைசிச் சுற்றில் எங்களுக்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மணலில் இறங்கியது. கேக் மூடி அதைத் தாண்டி, அவசரமே இல்லாமல் கோட்டைக் கடந்தது.

"பேக்கரி வண்டி ஜெயிச்சிருச்சு டோய்!" என்று கௌதம் என்னையே தூக்கிவிட்டான். அன்றைய கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

அந்த மனையில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. என் ஆபீஸே அதில்தான். மூன்றாம் வளைவு இருந்த இடத்தில் கார் பார்க்கிங். பந்தயக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், வண்டியும் எங்கேயோ தொலைந்தது. பாக்கெட்டைப் படமெடுத்துக் கௌதமுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"இன்னும் பிரிக்கலையா? அப்போ நாம இன்னும் மோதவே இல்ல மச்சா."