ஏழு பங்காளிக்கு ஏழு ஃப்ளாப்பி

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர்ச் செக்காலைப் பகுதியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான். பலகாரக் கடைச் செட்டியார் ஒருவரிடம், சீப்புச் சீடையை இன்டர்நெட்டில் சிங்கப்பூருக்கே விற்கலாம் என்று வாயை விட்டேன். மறுநாளே அதற்கு வெப்சைட் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

வாங்குகிறவர் தட்டும் கிரெடிட் கார்டு நம்பர், வழியில் எவன் எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி உருமாறி வரவேண்டும். அதற்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சர்டிபிகேட் தரும். லேசில் தரவில்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டுக்கு எது உண்மையான விலாசம் என்று கேட்டுக் கேட்டே என் உயிரை வாங்கினார்கள். ஒருவழியாக வந்து சேர்ந்ததும் செட்டியார் அதை அச்செடுத்து, கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிச் சந்தனப் பொட்டும் வைத்தார். அதில் ஒரு வரிகூட மனிதன் படிக்கிற மாதிரி இருக்காது.

கூடவே ஒரு சாவி உண்டு. இரும்புச் சாவி இல்லை, சின்ன ஃபைல். மறைந்து வரும் நம்பரைத் திறந்து காட்டுவது அதுதான். ஃப்ளாப்பித் தட்டில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, சர்டிபிகேட்ட ஊருக்கே காட்டுங்க. இத மட்டும் யாருக்கும் குடுத்துறாதீக."

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

வெப்சைட் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு விஷயம் தெரிந்தது. பங்காளிகள் எல்லோருக்கும் உரிமையான பங்கு வீட்டில் எத்தனை பங்கோ அத்தனை சாவி என்பது அவர்கள் வழக்கம். மனிதர் ஏழு நகல் எடுத்து, வெற்றிலை பாக்கோடு ஏழு பங்காளி வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கீழச்சிவல்பட்டிப் பங்காளி தன் மாப்பிள்ளைக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாராம்.

"யாருக்கும் குடுக்காதீகன்னு சொன்னேனேண்ணே."

"யாருக்குக் குடுத்தேன்? பங்காளிகளுக்குத்தான குடுத்தேன். அவுக யாரோவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். சாவி வெளியே போனால் கம்பெனிக்குச் சொல்லிச் சர்டிபிகேட்டை ரத்து செய்யவேண்டும். பிறகு புதிதாக வாங்க மறுபடியும் வாரக்கணக்கில் அலைச்சல். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. எனக்கும் இது முதல் பெரிய வேலை, கெட்டால் பெயர் போய்விடும். ஏழு பேரில் எவருக்கும் ஃப்ளாப்பியைத் திறக்கவே தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். செட்டியாரிடமும் ஆபத்தைச் சொல்லவில்லை.

விழா அன்று திரையின் கீழே, நம்பர் பத்திரம் என்று காட்டும் பூட்டுப் படம் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கேசரி பரிமாறும்போது போன் வந்தது. சிங்கப்பூரிலிருந்து என் அக்கா.

"தம்பி, பூட்டு தெரியுது. அத்தான் கார்டு நம்பரப் போடவா?"

"இப்பப் போடாதக்கா" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்துவிட்டது.

பட்டு வேட்டியோடு பக்கத்தில் நின்ற செட்டியார் நான் போனை வைத்ததும் கேட்டார்.

"ஏன் தம்பி, ஒங்கக்கா போடப்படாதுன்னா, மத்தவுக அக்கா மட்டும் போடலாமா?"

அவரை முட்டாள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தவன் நான்.

கேசரித் தட்டை வைத்துவிட்டு, ரத்து செய்வதற்கான படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். சாவி வெளியே போனது தெரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இரண்டு நாள் என்று எழுதினேன்.