பத்து நியான் மீனும் என் மீசையும்

மளிகைக் கடையில் வாங்கிய துவரம்பருப்பு வீட்டுக்குப் போனதும் செத்துப்போச்சு என்று யாரும் திரும்பி வருவதில்லை. எங்கள் வண்ணமீன் வியாபாரத்தில் அந்தப் புகார்தான் காலைப் போணி.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் என் கடை இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. ஊர் வைத்த பெயர் ‘மீசைக்காரர் மீன் கடை’. மீசை அப்படிப்பட்டது. மழை நாளில் அதன் வலது முனையில் துண்டும் இடது முனையில் பனியனும் காயப்போட்டுக்கொண்டு வியாபாரம் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் என் மனைவியிடம் கேட்கலாம். அவளும் நம்பமாட்டாள்.

ஆசையாகத் தொட்டி வாங்கி, மீன் விட்டு, நாலாம் நாள் காலையில் காபி டம்ளரோடு போய், மிதப்பதைப் பார்த்துத் திகைத்து நின்ற அத்தனை பேரும் என் பங்காளிகள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒண்டி மீன்

மேட்டுப்பாளையத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தார் மாரப்பன். புதுவீடு கட்டியிருந்தார். கூடத்தில் வைக்க மூன்றடித் தொட்டி வேண்டும் என்று வந்தவர், என் கடையிலிருந்த நியான் மீன்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். அரை விரல் நீளம், உடம்பில் நீலக்கோடு, வாலடியில் சிவப்பு. கூட்டமாகத் திரும்பினால் டியூப் லைட்டை யாரோ போட்டு அணைத்த மாதிரி இருக்கும். “அதுல ஒண்ணு புடிங்க” என்றார்.

“ஒண்ணு ஆகாதுங்க. இது கூட்டமா வாழற சாதி. தனியா விட்டா மூலையில போய் ஒண்டிக்கும், சாப்பிடாது, பயத்துலயே செத்துப்போகும். பத்து மீனாவது எடுங்க” என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன், வியாபாரமும் கொஞ்சம் அதில் இருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, கல்யாணத்துக்கே ஊட்டுக்கு ஒருத்தர்தானுங்க போறோம், அரை விரல் மீனுக்கு ஒம்பது பேர் தொணையாக்கும்?”

தண்ணீர் பழுத்தது

எங்கள் தொழிலில் ‘தண்ணி பழுக்கிறது’ என்று ஒரு பேச்சு உண்டு. புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்; ஆனால் மீன் போடுகிற கழிவைத் தின்று தீர்க்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் இருக்காது. மீன் தன் கழிவிலேயே மூச்சுமுட்டிச் சாகும். காற்று மோட்டாரை ஓடவிட்டு, துளி இரை போட்டு, மூன்று வாரம் பொறுத்தால் அந்தக் கிருமிகள் பஞ்சு வடிகட்டியில் குடியேறிவிடும். இத்தனையும் மாரப்பனிடம் விளக்கியிருக்க வேண்டும். எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது. “தொட்டிய வெச்சுத் தண்ணி ஊத்துங்க, தண்ணி நல்லாப் பழுக்கட்டும், பொறவு மீன் கொண்டாந்து விடறேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாளே பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு போன். “பழுத்துப்போச்சுங்க, வாங்க.” நாலே நாளில் எப்படி என்று கேட்கத் தோன்றாமல், பத்து மீனைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். போனதும் இலை போட்டுவிட்டார்கள். நான் கை கழுவுவதற்குள் மாரப்பன் மீனைத் தொட்டியில் விட்டுவிட்டார். கிட்டே போனால் புகை நாற்றம். தண்ணீர் கடுங்காப்பி நிறம். வாழைத்தாரை எப்படி மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பாரோ அப்படியே, தொட்டியைச் சாக்கால் மூடி, சட்டியில் சருகு கொளுத்தி, மூன்று நாள் புகை போட்டிருக்கிறார்! பத்து நியானும் வரிசையாக இருமின. என் காதால் கேட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. மாரப்பனுக்கு என் மேல்தான் வருத்தம்.

“நானுந்தான் முப்பது வருசமாப் பழுக்கவெக்கறேனுங்க, ஒரு தாராவது இப்படி இருமி இருக்குதுங்களா?”

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து, புதுப் பஞ்சு போட்டு, பவானித் தண்ணீர் பிடித்து, மூன்று வாரம் காத்திருந்து மறுபடி பத்து மீன் விட்டேன். பன்னிரண்டு நாள் ஜோராக ஓடின. பதிமூன்றாம் நாள் போன் வந்தது. எடுத்துப் பேசியது மாரப்பனின் மனைவி ருக்குமணி. “சித்தெ வந்துபோட்டுப் போங்க” என்ற குரலிலேயே செய்தி இருந்தது.

போய்ப் பார்த்தேன். தொட்டி என் கடையில் இருந்ததைவிட மின்னியது. கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். மீன்கள்தான் இல்லை. அந்தம்மா வெள்ளிக்கிழமை வீடு கழுவியபோது தொட்டியையும் கழுவியிருக்கிறார். கூழாங்கல்லைத் தேய்த்து, பஞ்சை சோப்புத்தூளில் ஊறவைத்து, கொடியில் காயப்போட்டு எடுத்து மாட்டியிருக்கிறார். மூன்று வாரம் குடியேற்றிய கிருமிகள் எல்லாம் சாக்கடையில். “அந்த அழுக்குப் பஞ்சுலதானுங்க அம்மணி மீனோட உசுரே இருக்குது” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா அழுக்க அப்படியே போட்டு வெக்கறதுக்கு இது என்ர ஊடுங்க, உங்க கடை இல்லீங்க!”

பந்தயம்

அடுத்த வாரம் மாரப்பன் கடைக்கு நேரிலேயே வந்தார். உள்ளே நாலு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, “மீசைக்காரர் மீனு பதினஞ்சு நாள் தாண்டாதுங்க” என்றார். கையில் பையோடு நின்ற ஒருவர் பையைக் கீழே வைத்தார். இன்னொருவர் செருப்பைத் தேடினார். இந்தப் பேச்சு பஸ் ஏறிப் போனால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. “இன்னொரு பத்து விடறேன். பொங்க நோம்பி அன்னிக்குப் பத்தும் உசுரோட இல்லீன்னா இந்த மீசைய எடுத்துப்போடறேன்!” மாரப்பனும் விடவில்லை. “இருந்துதுன்னா வருசா வருசம் நோம்பிக்கு ஒரு செவ்வாழைத் தார் உங்க கடைக்கு வரும்” என்றார். பந்தயம் கட்டிய பிறகுதான் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மீசை போனால் மீசை மட்டுமா போகும்? கடைக்கு இருந்த ஒரே பெயரும் அல்லவா போகும்! வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து சலூன்காரர் உற்சாகமாகிவிட்டார்.

“அண்ணா, இதுக்கு ஒரு கத்தி பத்தாதுங்க, மொதல்லயே சொல்லிப்போடுங்க, ரெண்டாச் சாணை புடிச்சு வெக்கறேன்!”

ஒறம்பரை வீட்டு மீன்

தண்ணீரைப் பழையபடி பழுக்கவைத்து, கார்த்திகையில் மூன்றாவது பத்தை விட்டேன். புகை கூடாது, சோப்பு கூடாது என்று ஆணி அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். மார்கழியில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் பால் கலந்த மாதிரி. மீன்கள் மேலே வந்து காற்றுக்கு வாய் பிளந்துகொண்டிருந்தன. மீன் பார்க்க வந்த சொந்தபந்தம், ஒறம்பரைக்கெல்லாம் காபி கொடுத்த கையோடு மீன் தீனி டப்பாவையும் கொடுத்திருக்கிறார் ருக்குமணி. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு பிடி. தின்னாத தீனி அடியில் கிடந்து அழுகிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு துண்டு ஒப்புட்டுப் போளிகூடக் கிடந்தது.

அழுகலை உறிஞ்சி எடுத்து, கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். அவர்கள் குடும்பத்தோடு தாராபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளாகுமாம். பக்கத்து வீட்டில் சாவியும் தீனி டப்பாவும் கொடுக்கப் போனார் அந்தம்மா. நான் டப்பாவைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். “மோட்டார் மட்டும் ஓடட்டும். ஊட்டப் பூட்டிப்போட்டுப் போங்க. பத்து நாள் பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆகாது” என்றேன். ருக்குமணி என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஊட்டுக்கு வந்த சீவனைப் பட்டினி போட்டுப்போட்டு நாங்க கல்யாண ஊட்டுல போய் எப்படிங்க இலையில உக்காருவோம்?”

எண்ணிக்கை

பொங்கலன்று காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போனேன். மஞ்சப்பையில் கரும்பு, வெற்றிலை பாக்கு. அடியில் ஒரு சின்னப் பாலிதீன் பை. அதில் இரண்டு நியான். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு என் மீன் மேல் அவ்வளவு நம்பிக்கை. எல்லாரும் வாசலில் பொங்கல் பானையைச் சுற்றி நின்றிருந்தார்கள். நான் நைசாகக் கூடத்துக்குள் நுழைந்து தொட்டியை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு. மூன்றாம் முறையும் எட்டு. மீசை முனைகள் தாமாகவே கீழே தொங்கிவிட்டன. வாசலில் “பொங்கலோ பொங்கல்” சத்தம் கேட்ட நேரம் பார்த்து, பையின் ரப்பர் பேண்டைக் கழற்றி இரண்டையும் உள்ளே விட்டேன். தண்ணீர் சட்டையில் தெறித்தது. எட்டும் இரண்டும் பத்து. மீசையை முறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மாரப்பன் வந்தார். லாரியில் வந்து இறங்கும் தாரை ஒரு பார்வையில் எண்ணிச் சொல்கிறவர், நிற்காமல் திரும்பும் நியானிடம் திணறினார். “ஒம்பது... இல்லீங்க, பதினொண்ணு... சித்தெ நில்லுங்கப்பா!” என்று மீன்களிடமே கெஞ்சினார். கடைசியில் ஒரு சிட்டிகை தீனி போட்டார். கூட்டம் மொத்தமும் மேலே வந்தது. அதோடு, தொட்டிக்குள் அழகுக்கு வைத்திருந்த, வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலைக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு மீன் சாவகாசமாக நீந்தி வந்து சேர்ந்துகொண்டன.

பன்னிரண்டு.

பத்து மீனும் குத்துக்கல்லாக உயிரோடு இருந்திருக்கின்றன. யாரும் தொடாத அந்தப் பத்து நாளில் தண்ணீர் தானாகவே பழுத்துத் தெளிந்திருக்கிறது. நான் ஜெயித்திருக்கிறேன், ஜெயித்தது தெரியாமல்! “இந்தச் சாதி ஊட்டுத் தொட்டியில குஞ்சு பொரிக்காதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?” என்று மாரப்பன் கேட்டார். “நல்ல நாளுங்க... பொரிச்சிருக்கும்” என்றேன். ருக்குமணி என் நனைந்த சட்டையைப் பார்த்தார். தொட்டி மூடி மேல் கிடந்த ரப்பர் பேண்டை விரலில் எடுத்து, என் முன்னால் நீட்டிச் சிரித்தார்.

“பத்தும் உசுரோட இருக்குது, அதுக்குப் பாதி மீசைய வெச்சுக்குங்க, எச்சா ரெண்டு வந்துருக்குது, அதுக்கு மத்தப் பாதிய எடுத்துப்போடுங்க!”

வீட்டில் மீன் வளர்ப்பது ஒன்றும் கஷ்டமே இல்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் கையைக் கட்டிப்போட்டால் போதும், கடைக்காரன் கையையும் சேர்த்து.