குரோம்பேட்டைக்கு அப்பால்

நாங்கள் தாம்பரத்துக்குக் குடிவந்ததற்கு அப்பா எல்லோரிடமும் இரண்டு காரணம் சொல்லுவார். ஒன்று, பெண்ணுக்கு நல்ல பள்ளிக்கூடம். இன்னொன்று, ரயில் அங்கேதான் புறப்படுகிறது, அதனால் உட்கார்ந்துகொண்டு ஆபீசுக்குப் போகலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் தாம்பரம் என்று பேச்சை எடுத்தாலே அம்மாவின் முகம் ஏன் வெளுத்துப்போகும் என்பதை அவர் வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது அவர்கள் இருவரும் இல்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்து நான் யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

அறுபதுகளின் நடுவில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், கைக்குழந்தைப் பருவம் தாண்டாத தம்பி. ஒரே குழாய்க்கு ஏழெட்டுக் குடும்பங்கள் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கும். நான் படித்த பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் என்னை எங்கே சேர்ப்பது என்பது அப்பாவுக்குத் தீராத கவலை. அவர் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடுகிறது, அந்தத் தடத்தில் எங்கே நல்ல கான்வென்ட் இருக்கிறதோ அங்கே வீடு பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்துவிட்டால் அப்பாவைப் பிடித்து நிறுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வாரத்துக்கு ஒரு ஸ்டேஷன். வீட்டை உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்னால் என் தோளில் ஒரு பையை மாட்டுவார். அதில் அவருடைய பழைய அகராதியும் ஒரு செங்கல்லும் இருக்கும். புத்தகக் கனம் வேண்டுமாம். "இப்போ பள்ளிக்கூடம் வரைக்கும் நட, பார்க்கலாம்" என்பார். எந்த இடத்தில் தோள் மாற்றுகிறேன், எந்த இடத்தில் முகத்தைச் சுளிக்கிறேன் என்று பின்னாலேயே வந்து கவனிப்பார். இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் பாதி வீட்டுக்காரர்கள் வீடு காலியில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பாள் அம்மா.

மாம்பலம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சைதாப்பேட்டையில் கிடைத்த வீடு ஆற்றோரமாக இருந்தது. பல்லாவரத்தில் வீடு பிடித்திருந்தது, ஆனால் செங்கல் பையோடு நான் பாதி வழியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். குரோம்பேட்டையில் இறங்கியபோது தோல் பதனிடும் நாற்றம் வயிற்றைக் குமட்டியது. நாங்கள் மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, "எனக்கு ஒண்ணும் நாத்தம் தெரியலயே" என்றாள் அம்மா. கருவாடு விற்பவள் தெருமுனையில் வந்தாலே கதவைச் சாத்துகிறவள் அவள்.

"இன்னும் ரெண்டு ஸ்டேஷன்தானே, தாம்பரத்தையும் பார்த்துடலாம்" என்றார் அப்பா.

"அங்கெல்லாம் பாம்புங்க."

"யார் சொன்னா?"

"தண்ணியும் உப்பாம்."

"நீ எப்போ குடிச்சுப் பார்த்த?"

"இங்கேயே எடுத்துடுங்க. நாலு நாள்ல நாத்தம் பழகிடும்."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அம்மா எந்த ஸ்டேஷனுக்கும் வந்தாள். குரோம்பேட்டைக்கு அப்பால் மட்டும் வரமாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தலைவலி வரும், இல்லாவிட்டால் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வரும். கடைசியில் ஒரு நாள் அப்பா அவளிடம் எதையும் சொல்லாமல் ரயிலில் ஏற்றி, குரோம்பேட்டை வந்தபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். அங்கேயிருந்த காசநோய் ஆஸ்பத்திரியை வைத்து வந்த பெயர். வண்டி அதை நெருங்கும்போது பெட்டியில் பேச்சு நின்றுபோகும். ஆளுக்கு ஆள் ஜன்னல் அடைப்பை இறக்குவார்கள். ஆண்கள் கைக்குட்டையையும் பெண்கள் முந்தானையையும் மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அப்பாவும் எங்கள் இருவர் மூக்கையும் பொத்தினார். அம்மா மட்டும் தன் பக்கத்து ஜன்னலை இறக்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்ற ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா நீ, கைப்புள்ளைய வச்சிக்கினு காத்து வாங்கினுகீறே! மூக்க மூடும்மா!"

அம்மா திரும்பவேயில்லை. வண்டி நகர்ந்து பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியைக் கண்டு அல்ல, அம்மாவைக் கண்டு.

தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் பார்த்த வீடு எங்களுக்கென்றே கட்டி வைத்தது போல இருந்தது. தனிக் கிணறு, இரண்டு அறை, கம்பி போட்ட ஜன்னல்கள். பள்ளிக்கூடத்து மதிலுக்கு மேல் மரங்கள் தெரிந்தன. நான் செங்கல் பையோடு போய்விட்டு, அப்பா கேட்காமலே இன்னொரு தடவையும் போய்வந்தேன். அப்பா வெற்றிலை போடாமலே வாய் சிவந்தவர் மாதிரி சிரித்தார். அம்மா, "வேணாங்க" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள்.

திரும்பி வர ரயிலுக்குக் காத்திருந்தபோது பிளாட்பாரத்துப் பெஞ்சில்தான் அது வெளியே வந்தது. நான் அந்தப் பக்கமாகத் தம்பிக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்குக் காது கிடையாது என்று பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

"எங்கக்கா டைபாய்டுல சாகலங்க" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்து, கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனாள் என்பது எங்களுக்குத் தெரியும். நடந்தது வேறு. பெரியம்மா இருமும்போது ரத்தம் வந்திருக்கிறது. தாத்தா யாருக்கும் தெரியாமல் சென்னைக்குக் கூட்டிவந்து அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வீட்டில் காசநோய் என்று தெரிந்தால் அடுத்த பெண்ணை எவன் கட்டுவான்? திருச்சிப் பக்கத்து ஊருக்குத் திரும்பிப்போய், பெரியவள் காய்ச்சலில் போய்விட்டாள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார். கோயிலில் அவளுக்காக மரித்தவர் பூசையும் வைத்தாயிற்று. அம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து அழுதிருக்கிறாள். ஆனால் தாத்தா அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் நெய்யும் முட்டையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்வந்தார். செத்தவளுக்கு எதற்கு நெய்? அம்மா கேட்டேவிட்டாள். "உன் கல்யாணம் முடியட்டும்" என்பதுதான் பதில். கல்யாணம் முடிந்த அன்றைக்குத்தான் தாத்தா அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். சில மாதங்களில் தாத்தா மாரடைப்பில் போய்விட்டார். வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்கக்கா உசுரோட இருந்தா. கல்லறைத் திருநாளுக்கு எல்லாருக்கும் பூசை வைக்கறியே, அக்காவுக்கு ஏன் வைக்கலன்னு வருஷா வருஷம் கேட்டீங்களே. உசுரோட இருக்கறவளுக்கு எப்படிங்க வைக்கிறது?"

"இப்போ இருக்காங்களா?"

"தெரியாதுங்க. ராத்திரி ஜெபத்துல அவளுக்குச் சுகம் குடும்னு கேக்கறதா, செத்தவங்களுக்குக் கேக்கற மாதிரி இளைப்பாற்றி குடும்னு கேக்கறதான்னு தெரியாம பேர மட்டும் சொல்லி நிறுத்திடறேன்."

ரயில் வந்தது. பெட்டி முழுக்கக் காலி. அப்பா எழுந்திருக்கவில்லை. உட்கார இடமுள்ள ஒரு ரயிலை அவர் விட்டதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிடுகிறேன் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். நீங்க ஒண்ணும் கேக்கக் கூடாது. நமக்கும் பொண்ணு இருக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "செங்கல்லச் சுமந்துக்கிட்டு எப்படிச் சிரிச்சிக்கிட்டே நடந்தா பாருங்க. வீட்ட எடுத்துடுங்க."

எடுத்துவிட்டோம். கான்வென்டில் என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். படிப்பு எனக்கு நன்றாக வந்தது. அப்பா காலையில் உட்கார்ந்துகொண்டு போய் மாலையில் உட்கார்ந்துகொண்டே வந்தார். நினைத்ததெல்லாம் நினைத்தபடி நடந்தது. ஆனால் அந்த வீட்டில் நாங்கள் நால்வராக ஒருநாளும் இருந்ததில்லை. பேய்க் கதைகளில் செத்தவர்கள்தான் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் செத்தாளா என்பதே தெரியாதவள்.

குணமானவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பிப்போக முகமில்லாமல் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடுவார்கள் என்று அம்மா எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். ஆயா வேலை செய்வார்களாம், தையல் தைப்பார்களாம். அதிலிருந்து அவளுக்குத் தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. மார்க்கெட்டில் கத்தரிக்காயைப் பொறுக்கும்போது கண் கத்தரிக்காயில் இருக்காது. எதிரில் ஒரு பெண்ணுக்கு நாற்பதை ஒட்டிய வயது என்றால் போதும், அவள் காதோரத்தையும் நடையையும் பார்ப்பாள். ஒரு நாள் என்னையும் தம்பியையும் கடைவாசலில் விட்டுவிட்டு, முன்னால் போன ஒருத்தியின் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். நான் தம்பியை இழுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக ஓடினேன். இரும்புலியூர் பக்கம் போன பிறகுதான் அந்தப் பெண் நின்று திரும்பினாள்.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா பின்னாடியே வந்துகினுகீறே? இன்னா வோணும்?"

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "இந்தக் கீரை எங்க வாங்குனீங்க?" என்றாள்.

திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. அக்கா இல்லையே என்று அழுதாளா, நல்லவேளை அக்கா இல்லை என்று அழுதாளா, எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. நான் லேசாக இருமினாலும் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். ஒருமுறை மழையில் நனைந்து இருமல் பிடித்தபோது, சரியாகும் வரை என்னைக் கோயிலுக்குக்கூட அனுப்பவில்லை. நாலு பேர் காதில் விழக்கூடாது என்பதுதான் காரணம்.

அப்பாவும் தப்பவில்லை. ஆபீசுக்குப் போகும்போது பிளாட்பாரம் வரும் பக்கமாகவே ஜன்னலோரம் பிடிப்பார். சானடோரியத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, அவர் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். தான் பார்த்தே இராத ஒரு முகத்தை அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? எனக்கும் பெரியம்மா கனவில் வருவாள். அம்மாவின் முகம்தான், கொஞ்சம் இளைத்த முகம். ஒன்றும் பேசமாட்டாள். எங்கள் வீடு எதுவென்று தெரியாமல் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போவாள்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்று தெரிந்துகொண்டுதான் அவர்களாகவே கேட்டு வந்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க நாள் குறித்தாயிற்று. அந்த வாரத்தில் ஒரு காலை, அப்பா ஆபீசுக்குப் போன பிறகு, அம்மா என்னைப் புடவை மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.

"உன் பெரியம்மா இருந்தா உன் கல்யாணத்துக்கு வரணும். இல்லேன்னா இல்லேன்னாவது எனக்குத் தெரியணும். இனிமே என்னால முடியாது."

ஒரே ஸ்டேஷன் தூரம். இத்தனை வருஷத்தில் நாங்கள் அங்கே இறங்கியதேயில்லை. மரநிழலில் நீளநீளமான கட்டடங்கள், சுத்தமான பாதை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள். நான் கற்பனை செய்து வைத்திருந்த பயங்கரம் எதுவும் அங்கே இல்லை. அம்மா என் கையை விடாமல் விசாரிக்கும் ஜன்னலுக்குப் போனாள். உள்ளே இருந்தவரைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினாள். எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடும் பெண். ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிற முகம். நல்ல பெண், ஆனால் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அடடே, வாங்கக்கா! இங்க எங்க? வீட்ல யாருக்காவது..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். பார்வை என் முகத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது.

"எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லம்மா" என்றாள் அம்மா அவசரமாக. "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த ஒருத்தங்களப் பத்திக் கேக்கணும்."

பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், தாத்தாவின் பெயரையும் சொன்னாள். அந்தப் பெண் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, வருத்தமும் இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இருக்குதுக்கா விவரம். ஆனா சொந்தக்காரங்களுக்குத்தான் சொல்லணும், அதான் ரூல். உங்களுக்கு அவங்க என்ன வேணும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற பார்வை அல்ல அது. முதலில் அவள் கண்ணில் கோபம் வந்தது, அப்புறம் கெஞ்சல் மாதிரி ஏதோ வந்தது. சொல்லும்மா, கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எழுந்திருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

"ஊர்க்காரங்க" என்றாள். "தெரிஞ்சவங்க, அவ்வளவுதான்."

"அப்போ அவங்க கூடப்பொறந்தவங்க யாராவது இருந்தா ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்கக்கா. கட்டாயம் சொல்லிடறேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவங்களுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லம்மா" என்றாள்.